கார் கறையும் பலாப் பிசினும்

காரை வாங்குவது, ஓட்டுவது, பட்டறைக்கு விடுவது எல்லாம் ஆண்கள் காரியம். உள்ளே ஒரு கறை விழுந்துவிட்டால் மட்டும், "இதைக் கொஞ்சம் என்னன்னு பாரேன்" என்று அது நம் கைக்கு வந்துவிடும்! உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

எங்கள் வீட்டில் இது அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை. என் கணவர் போடியிலிருந்து குரங்கணி, போடிமெட்டுப் பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறார். தவணைக்கு வாங்கிய கார். போன சீசனில், வாடகை பேசி முடித்த ஒரு குடும்பம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன, கை வைக்கிற இடமெல்லாம் திட்டுத் திட்டா இருக்கு? பிள்ளைய எப்படி உட்கார வைக்கிறது?" என்று சொல்லி வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டது. இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினால் என்ன, வருகிறவர்கள் கண்ணுக்குப் படுவது டாஷ்போர்டும் கதவின் உள்பக்கமும்தான்.

குரங்கணி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், மலையடிவாரத்துக் கிராமம். நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு பக்கத்துத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு இந்தப் பக்கம்தான் வந்து இறங்கும். இப்போது இங்கிருந்து போடிக்கு வருவது மாங்காயும் பலாவும் காபிக்கொட்டையும். அதில் கொஞ்சம் எங்கள் காரின் பின்சீட்டில்! சவாரி இல்லாமல் திரும்பும்போது, "அண்ணே, இதைப் போடியில இறக்கிருங்க" என்று தெரிந்தவர்கள் ஏற்றிவிடுவார்கள். இவருக்கோ மாட்டேன் என்று சொல்ல வராது.

அப்படி வந்த ஒரு பலாப்பழம், கதவின் உள்பக்கம் முழுக்கப் பிசினை அப்பிவிட்டது. இவர் சோப்பு நுரையைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். பிசின் பரவியதே தவிர போகவில்லை. அதன் மேல் தூசியும் ஒட்டிக் கறுத்துப் போயிற்று. திண்ணையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்த அத்தை (என் மாமியார்தான்) என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா, பலாப்பழம் அறுக்கையில கத்திக்கு என்னத்தத் தடவுவ? அதையே அவனத் தடவச் சொல்லு!"

அவ்வளவுதான் விஷயம்! பஞ்சில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தடவி ஐந்து நிமிஷம் விட்டு, மெதுவாக வழித்தால் பிசின் சுருண்டு வந்துவிட்டது. பிறகு எண்ணெய்ப் பிசுக்குக்குத்தான் சோப்புத் தண்ணீர்.

அன்றிலிருந்து எந்தக் கறையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "இது எண்ணெய்ப் பக்கமா, தண்ணீர்ப் பக்கமா?" என்பதுதான். பலாப் பிசின், மாங்காய்க் காம்பிலிருந்து வடிகிற பால், ரோட்டுத் தார், ஸ்டிக்கர் பசை எல்லாம் எண்ணெய்ப் பக்கம். இவற்றுக்கு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் செலவழித்தாலும் பயனில்லை. மாம்பால் தோலில் பட்டால் புண்ணாக்கும். ஆகவே துடைக்கும்போது கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள். பிள்ளைகள் சிந்தின ஜூஸ், உருகின மிட்டாய், காபி இதெல்லாம் தண்ணீர்ப் பக்கம். சுரண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியைக் கறையின் மேல் பத்து நிமிஷம் போட்டுவிட்டு, நீங்கள் போய் வேறு வேலையைப் பாருங்கள். சர்க்கரை தானே கரைந்துவிடும்.

எவர்சில்வர் பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி பிளாஸ்டிக்கைத் தேய்க்கவே கூடாது. டாஷ்போர்டைக் கையால் தடவிப் பாருங்கள். ஆட்டுத்தோல் மாதிரி பொடிப் பொடியாக வரியோடியிருக்கும். அழுக்கு அந்தக் குழிகளில்தான் உட்காருகிறது. பாத்திரப் பவுடர், கம்பி நார், பற்பசை, இப்போது கடையில் வருகிற வெள்ளை "மேஜிக்" ஸ்பாஞ்சு எல்லாமே உப்புத்தாள் ரகம். கறையோடு சேர்த்து அந்த வரியையும் தேய்த்துவிடும். கறை போன இடம் வழவழவென்று பளபளக்கும், அதைத் திருப்பி மங்க வைக்க யாராலும் முடியாது. வேண்டியதெல்லாம் பழைய, மிருதுவான டூத்பிரஷ், பருத்தித் துணி, ஒரு லிட்டர் தண்ணீரில் அரை ஸ்பூன் ஷாம்பூ. முதலில் உலர்ந்த துணியால் தூசியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண் துகளே கீறல் போடும். வண்டியை நிழலில் விட்டு, சூடு தணிந்த பிறகு ஆரம்பியுங்கள். துணியைப் பிழிந்தே துடையுங்கள். ஜன்னல் ஸ்விட்ச் இருக்கிற இடத்தில் தண்ணீர் இறங்கினால் பட்டறைச் செலவு. எந்தப் புது மருந்தானாலும் சீட்டுக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டே மேலே கொண்டு வாருங்கள்.

மஞ்சள் கறை தனி ரகம். எலுமிச்சை சாதப் பொட்டலம் கவிழாத சுற்றுலாவே கிடையாது! சோப்புப் போட்டதும் மஞ்சள் சிவந்துவிட்டது என்று பதற வேண்டாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே சங்கதிதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக் கதவை வெயிலைப் பார்த்துத் திறந்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் மஞ்சள் தானாக வெளுத்துப் போகும். பால் டப்பா மூடியில் ஏறின மஞ்சளுக்கும் நான் இதையேதான் செய்கிறேன்.

பேனா மைக்கு மட்டும் ஸ்பிரிட்டோ சானிடைஸரோ பஞ்சில் தொட்டு ஒற்றலாம், தேய்க்கக் கூடாது. ஆனால் மீட்டர் மேலே இருக்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. நரம்பு நரம்பாக விரிசல் ஓடிவிடும்.

போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவது வளைவுக்குள் ஏதாவது ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிடும், பாவம்! காகிதத்தால் வழித்தெடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் துடைக்க வேண்டும். வெந்நீர் விட்டால் பால் திரிந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி இறுகிவிடும். பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியாகச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு துடைப்பு. நாற்றம் நிற்காது.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். எங்கள் தெருவில் ஒரு மதினி, ஸ்டிக்கர் பசையை எடுக்கப் பெயிண்ட் தின்னரை உபயோகித்தார். வெளியே தூறல், அதனால் கார்க் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. பின்சீட்டில் கைக்குழந்தை தூக்கம். பத்து நிமிஷத்தில் அவருக்குத் தலை சுற்றி, கதவைத் திறந்துகொண்டு வாசலில் சாய்ந்துவிட்டார். குழந்தையைத் தூக்கி வெளியே கொண்டு வந்தபோது அது வாடின கீரை மாதிரி துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். நல்ல வேளை! காரின் உட்புறம் என்பது நம் பூஜை அலமாரி அளவுதான். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி இவையெல்லாம் பிளாஸ்டிக்கை இளக்கி வழிய விடும் என்பது ஒரு பக்கம். ஆவி நெஞ்சில் ஏறும், ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும் என்பது அதைவிடப் பெரிது. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட்டையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். வீட்டிலேயே ஆபத்து, காருக்குள் கேட்கவே வேண்டாம். பூச்சி உருண்டையையும் கற்பூரத்தையும் வாசனைக்காக டாஷ்போர்டில் போட்டு வைப்பதும் எனக்குப் பிடிக்காது. இரண்டுக்கும் பிளாஸ்டிக்கை இளக்குகிற குணம் உண்டு. குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் கற்பூரம் வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

ஸ்டிக்கர் பசைக்கு வெந்நீர்த் துணி ஒத்தடமும் தேங்காய் எண்ணெயுமே போதும். டாஷ்போர்டில் ஒட்டின பிள்ளையாரை எடுத்த இடத்துப் பசையும் அப்படித்தான் போகும். பிள்ளையாரை ஏன் எடுக்க வேண்டும் என்கிறீர்களா? இப்போது வருகிற கார்களில் இடது பக்க இருக்கைக்கு முன்னாலும் காற்றுப்பை இருக்கிறது. அந்த மூடியின் மேல் எதை ஒட்டினாலும், மோதலில் பை வெடித்து விரியும்போது அது கல்லெறிந்த மாதிரி முகத்துக்கு வரும். எங்கள் பிள்ளையாரை நடுவில் குடியேற்றிவிட்டேன்; அத்தைக்கும் சம்மதம்தான்.

பளபளப்புப் பூச்சு பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வாட்டர் ஸர்வீஸ் நிலையத்தில் எங்கள் டாஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டு நிலைக்கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை எதிர்வெயிலில் மலை ஏறினபோது, முன்கண்ணாடியில் ரோட்டுக்குப் பதிலாக டாஷ்போர்டுதான் தெரிந்ததாம். வளைவில் எதிரே ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் வருகிறது! இவர் வண்டியை ஓரங்கட்டி, துண்டை விரித்துப் போட்டு மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். ஷாம்பூத் தண்ணீரில் மூன்று முறை துடைத்துப் பாலிஷை எடுத்தோம். டாஷ்போர்டு மங்கலாகவே இருக்கட்டும், சகோதரிகளே.

எல்லாக் கறையும் போகுமா என்றால், போகாது. டாப் ஸ்டேஷன் பாதையில் நடந்துவிட்டு வந்த ஓர் இளைஞர், அட்டை கடிக்காமல் இருக்கக் கையிலும் காலிலும் மருந்து பூசியிருந்தார். களைப்பில் கதவுப் பிடியை அழுத்திப் பிடித்தபடி தூங்கிவிட்டார். போடியில் இறங்கிய பிறகு பார்த்தால், பிடியில் ஐந்து விரலும் வெளுத்துப் பதிந்திருந்தது. சோப்பு, எண்ணெய், சோடா எதற்கும் அசையவில்லை. அசையாது. அது கறையே இல்லை. அந்த மருந்துகள் பலவற்றில் டீட் என்ற பொருள் இருக்கிறது. அமெரிக்கப் படைவீரர்களுக்காக 1940-களில் கண்டுபிடித்தது. தோலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் சில வகைப் பிளாஸ்டிக்கை மேலாகக் கரைத்துவிடும். டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. வெயிலுக்குப் பூசுகிற கிரீம்கள் சிலவும் இப்படித் தடம் பதிக்கும். இதை எடுக்கிறேன் என்று தேய்த்தால் விரல் அடையாளம் பெரிய திட்டாக மாறும், அவ்வளவே.

அந்தப் பிடிக்கு நான் பழைய வேட்டிக் கரையில் ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். குரங்கணியில் சவாரி ஏறும்போது, பின்கதவுப் பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் சோப்புத் துண்டும் தயாராக இருக்கும். "கை கழுவிட்டு ஏறுங்க தம்பி" என்று இவர் சொன்னால், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.