கியோத்தோவில் ஒரு புத்தாண்டு இரவு

கல்வியின் பொருட்டு அயல்நாடு சென்றவனுக்கு அந்நாட்டின் குளிரும் உணவும் சில மாதங்களிற் பழகிவிடும். பண்டிகை நாள் மட்டும் எளிதிற் பழகுவதில்லை. எல்லோரும் தத்தம் வீடு நோக்கி விரையும்போது, தனக்குப் போவதற்கு வீடில்லை என்பதை அவன் அன்றுதான் நன்குணர்கிறான். 2017 ஆம் ஆண்டின் கடைசி நாளில், யப்பானின் ஒசாக்கா நகரிலே சர்வகலாசாலை விடுதியில் எஞ்சியிருந்த இலங்கை மாணவர் மூவராகிய எமது நிலையும் இதுவே.

உணவுச்சாலை மூடப்பட்டிருந்தது. உடன் பயிலும் யப்பானிய நண்பர்கள் ஊர் சென்றுவிட்டனர். அன்று ஞாயிற்றுக்கிழமை. அறையிலிருந்து பெருமூச்செறிவதிலும் பார்க்க எங்கேனும் புறப்படுவதே நன்றெனத் துணிந்து, கியோத்தோவுக்குப் புகையிரதமேறினோம். விரைவு வண்டியில் அரைமணி நேரப் பயணமே.

கியோத்தோ, 794 ஆம் ஆண்டிலே தலைநகராகி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அப்பெருமையோடு விளங்கிய பழம்பதி. யப்பானியரும் முன்னாளிற் சந்திரனின் வளர்வு தேய்வைக் கொண்டே புத்தாண்டைக் கணித்தனர். 1873 இல் மேனாட்டு நாட்காட்டியை ஏற்றபின் அது சனவரி முதலாந் தேதிக்கு மாறியது. நாள் மாறியதேயன்றி வழக்கங்கள் மறையவில்லை. வீடுகளைத் துப்புரவாக்குகின்றனர், வாயிலிற் பைன் கிளையும் மூங்கிலும் வைக்கின்றனர். ஒட்டும் தன்மையுள்ள அரிசியை ஆவியில் அவித்து, உரலிலிட்டு, பெரிய கொட்டாப்புளியால் இடித்து 'மோச்சி' என்னும் பண்டம் செய்கின்றனர். உரலைக் கண்டதும் எமது வீட்டு முற்றம் நினைவுக்கு வாராதிருக்குமா?

இரவு சிறு கடையொன்றில், ஆண்டிறுதிக்கே உரிய 'சொபா' உண்டோம். நூல்போல் நீண்ட அவ்வுணவு நீண்ட ஆயுளுக்கு அறிகுறியாம். பின்னர் சியோன்-இன் என்னும் பௌத்த ஆலயத்தை அடைந்து, நீண்ட வரிசையில் நின்றோம். அங்குள்ள மணி 1636 இல் வார்க்கப்பட்டது. நிறை ஏறத்தாழ 70 தொன். அதனை ஒலிக்கப் பதினேழு துறவிகள் வேண்டும். பதினாறு பேர் கயிறுகளை இழுக்க, ஒருவர் தலைமைக் கயிற்றைப் பற்றி, உடல் முழுவதும் பின்னே சாய, மல்லாந்து விழுவார்போல இழுக்கின்றார். தொங்கும் மரம் சென்று மோதுகிறது. அதன் அதிர்வை எமது மார்பிலே உணர்ந்தோம். மாந்தரைப் பற்றியுள்ள 108 மாசுகள் நீங்க 108 முறை ஒலிக்கின்றனர். செபமாலையிலும் அருச்சனையிலும் சிறுவயது முதல் அறிந்த எண் அன்றோ!

அருகிலுள்ள பூங்காவைக் கடந்தால் யசாக்கா என்னும் சிந்தோக் கோயில். அங்கே தொங்கும் விளக்குக் கூடுகளில், ஒக்கெரா என்னும் மூலிகையின் வேரையிட்டு நெருப்பு வளர்க்கின்றனர். மக்கள் கயிறு வாங்கி, அதன் நுனியில் அந்நெருப்பை ஏற்று, அணையாதவாறு சுழற்றிக்கொண்டே வீடு செல்கின்றனர். அதைக்கொண்டு புத்தாண்டின் முதல் அடுப்பை மூட்டுவது பழைய வழக்கம். இருளில் எங்கும் செந்நிற வட்டங்கள் சுழன்றன.

நாமும் ஒரு கயிறு வாங்கிச் சுழற்றினோம். சிறிது தூரம் சென்றபின்பே, இதை எங்கே கொண்டுசெல்வது என்ற எண்ணம் எழுந்தது. புகையிரதத்தில் ஏற்ற முடியாது. விடுதி அறையில் நெருப்புக்கு இடமில்லை. கொண்டாட்டத்தை விலைக்கு வாங்கிவிட்டோம். அது சேரவேண்டிய அடுப்போ எமக்கில்லை.

அப்பொழுது எமக்கு முன்னே சென்ற மூதாட்டி ஒருவர் தெருவோரத்தில் நின்றார். அவருடைய கயிறு அணைந்துவிட்டது. எமது நெருப்பிலிருந்து ஏற்றிக் கொடுத்தோம். எங்கே வீடு என்று கேட்டார். அறிந்த அளவு யப்பானிய மொழியில் எமது நிலையைச் சொன்னோம். அவர் சற்று யோசித்து, தம் வீட்டுக்கு வழியைக் காட்டி, நெருப்புத் தந்தவர்கள் காலையில் வந்து உண்ணவேண்டும் என்றார்.

விடியும்வரை மக்களோடு கோயில் கோயிலாக நடந்தோம். காலையில் அவ்வீட்டில் 'சோனி' என்னும் புத்தாண்டு இரசம் கிடைத்தது. வெண்ணிற மீசோ கரைத்த இரசத்தில், வட்ட மோச்சியும் முள்ளங்கியும் சேம்பங்கிழங்கும் இருந்தன. தோக்கியோவில் மோச்சி சதுரமாயிருக்குமாம். கியோத்தோவில் மூலையில்லா வட்டமே இணக்கத்தின் அடையாளம். அந்த அடுப்பை மூட்டியது நாம் கொடுத்த நெருப்பு என்பதை அம்மையார் பேரப்பிள்ளைகளுக்கு இருமுறை எடுத்துச் சொன்னார். எமக்குக் கண் கலங்கியது.

இரு கிழமைகளின் பின் தைப்பொங்கலும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. அதே அடுக்களையில் யப்பானிய அரிசி கொண்டு பொங்கினோம். ஒக்கினாவாத் தீவின் கருஞ்சர்க்கரை எமது ஊர்ச் சர்க்கரையை ஒத்திருந்தது. பால் வழிந்தபோது அம்மையார் பதறி அடுப்பை அணைக்க ஓடிவந்தார். அதற்காகவே காத்திருந்தோம் என்று விளக்கியதும் கைகொட்டி நகைத்தார்.

அயல்நாட்டிற் பயிலும் இளைஞர்க்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. பண்டிகை நாளில் கதவை அடைத்துக்கொண்டு ஊரை நினைந்து வருந்தாதீர்கள். வெளியே செல்லுங்கள். உங்கள் கையிலுள்ள நெருப்பு இன்னொருவருக்குத் தேவைப்படலாம்.