பழைய உத்தியோகஸ்தரும் புதிய உத்தியோகமும்

வயதும் அனுபவமும் நிரம்பிய ஒருவர், தாம் வருஷக்கணக்காகப் பழகிய காரியாலயத்தையும், தம் தலையைக் கண்டதும் எழுந்து நின்ற மனிதர்களையும் விட்டுப் பிரிந்து, அந்நிய தேசம் ஒன்றிலே தம் பிள்ளைகளின் வயதுடையவர்களிடம் தொழில் கற்கும் நிலைக்கு வந்து சேர்வது, லண்டனில் வாழும் தமிழருக்குள் அபூர்வமான செய்தி அன்று. 1983-ஆம் ஆண்டு இலங்கைக் கலவரத்துக்குப் பின் இங்கு வந்தவர்களில் ஆசிரியர்களும் கணக்காளர்களும் கச்சேரி உத்தியோகஸ்தர்களும் பெற்றோல் நிலையங்களிலும் பலசரக்குக் கடைகளிலும் இரவு வேலைக்கு நின்றதை நம்மில் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அவர்கள் பட்ட குளிரைப் பற்றியும் கடனைப் பற்றியும் நிரம்பப் பேசியாயிற்று. உடன் வேலை செய்தவர்களின் மதிப்பை அவர்கள் எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதைப் பற்றியோ நாம் அதிகம் பேசவில்லை; சம்பளக் குறைவைக் காட்டிலும் மதிப்புக் குறைவே அவர்களை வாட்டியது என்று நான் நம்புகிறபடியால், அதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

மகாபாரதத்தில் விராட பருவத்தைப் படிக்கும்போதெல்லாம் இவர்களுடைய நினைவு எனக்கு வருவதுண்டு. ஆனால் பாண்டவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தருமன் சூதாட்டத்தையும், பீமன் மடைப்பள்ளியையும், நகுலன் குதிரை லாயத்தையும் தத்தம் பிரியத்தின்படியே தேர்ந்துகொண்டார்கள். அஞ்ஞாத வாசம் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். லண்டனுக்கு வந்தவருக்குத் தேர்வும் இல்லை, தவணையும் இல்லை. ஆகவே அவர்களில் சிலர் “யாழ்ப்பாணத்திலே நாங்கள் இப்படியா செய்தனாங்கள்?” என்று ஓயாமல் சொல்லித் தம் பழைய ஸ்தானத்தை நிலைநாட்ட முயன்றார்கள், வேறு சிலர் தாம் யார் என்பதையே வாய்விட்டுச் சொல்லாமல் குறுகிப் போனார்கள். முதல் வகையினரை மற்றவர்கள் வெறுத்தார்கள். இரண்டாம் வகையினரைக் கவனிக்கவே இல்லை.

இவ்விரண்டும் அல்லாத ஒருவரை நான் அறிவேன். மாணவனாக இருந்த காலத்தில் வட லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நான் இரவு வேலை செய்தபோது, ஊரில் பௌதிகம் கற்பித்து உப அதிபராக இருந்தவர் அங்கே வந்து சேர்ந்தார். “தம்பி, ரில்லை எப்பிடிக் கணக்கு முடிச்சு மூடுறதெண்டு இன்னொருக்காச் சொல்லித் தாரும்” என்று பத்தொன்பது வயதுப் பையனிடம் கேட்டு, அவன் சொன்னதைப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டார். நிலத்தடித் தாங்கிக்குள் அளவுகோலை இறக்கி எண்ணெய் மட்டம் பார்க்கும் வேலை, குளிரிலும் மழையிலும் குனிந்து செய்ய வேண்டியதாகையால், எல்லோரும் தட்டிக் கழித்த வேலை. அதை அவர் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் நிலையத்தின் கணக்கில் பெற்றோல் அடிக்கடி குறைந்து வந்தது. இரவில் நின்ற பையன்கள் மீது மனேஜருக்குச் சந்தேகம். பவுசர் வந்து எண்ணெய் இறக்கியவுடனும், மறுநாள் விடியற்காலையிலும் கோலை விட்டுப் பார்த்து, பம்பு மீற்றர் காட்டிய விற்பனையைக் கழித்து, அந்த உப அதிபர் வாரக்கணக்கில் குறித்து வந்தார். பவுசர் வந்த மறுநாள்களிலேதான் குறைவு இருந்தது. மற்ற நாள்களில் இல்லை. பையன்கள் திருடியிருந்தால் பவுசர் வராத நாள்களிலும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? வெயிலில் சூடேறி வரும் பெற்றோல் நிலத்தடியின் குளிர்ச்சியிலே சுருங்குகிறது என்றும், சூடு பத்துப் பாகை குறைந்தால் 10,000 லீற்றரில் ஏறத்தாழ 100 லீற்றர் மறைந்துவிடும் என்றும், கொப்பியை விரித்து மனேஜருக்கு அவர் விளக்கியபோது, பையன்கள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் முதல் அவர்கள் தங்கள் கல்லூரிக் கணக்குகளை அவரிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். யார் எந்த இரவு நிற்பது என்ற வழக்குகளும் அவரிடமே வந்தன. வந்த முதல் நாளே அவர் இந்தப் பௌதிகப் பாடத்தை நடத்தியிருந்தால் ஒருவரும் செவி கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த நிலையத்து அளவுகோலைத் தாமே பிடித்துப் பார்த்தபின் பேசினார் என்பதே அவருடைய பேச்சுக்குப் பலமாயிற்று.

இதே லண்டனில், அவருக்கு ஒரு தலைமுறை முந்தி வந்த அம்பலவாணர் சிவானந்தனின் வரலாறு இன்னும் விரிவானது. 1923-இல் பிறந்தவர், சண்டிலிப்பாயைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தவர், பொருளாதாரத்தில் பட்டம் பெற்று, மலைநாட்டில் ஆசிரியராக இருந்து, பின் இலங்கை வங்கியில் மனேஜர் பதவிக்கு உயர்ந்தவர். இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1958-ஆம் ஆண்டுக் கலவரத்தைக் கண்டு மனம் வெதும்பி லண்டனுக்கு வந்தபோது, அந்த வருஷமே நொட்டிங் ஹில்லில் கறுப்பு மக்கள் மீது நடந்த தாக்குதல்களைக் காண நேர்ந்தது. வங்கித் தொழிலின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. மனேஜராக இருந்தவர் மிடில்செக்ஸ் பகுதி நூலகம் ஒன்றில் தேநீர் கொடுக்கும் சிற்றூழியராக அமர்ந்து, நூலகத் தொழிலை ஆதியோடந்தமாகப் படித்தார். பிறகு குடியேற்ற நாட்டு அமைச்சின் நூலகத்திலும் வேலை செய்து, 1964-இல் இன உறவுகள் ஆய்வு நிறுவகத்தின் தலைமை நூலகரானார்.

அந்த நிறுவகத்தின் முதல் இயக்குநர் பிலிப் மேசன், இந்தியாவை ஆண்ட ஐ.சி.எஸ். வர்க்கத்தைச் சேர்ந்தவர், நிர்வாக சபையிலோ செல்வாக்கு மிக்க பிரமுகர்கள். அத்தகைய இடத்தில் இலங்கையிலிருந்து வந்த நூலகர் ஒருவரின் குரலுக்கு என்ன ஸ்தானம் இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அவர் நூல்களைச் சேர்த்தார். துண்டுப் பிரசுரங்களையும் சிறு பத்திரிகைகளையும் சேர்த்தார். பிரிட்டனில் குடியேறிய கறுப்பு மக்களைப் பற்றிய எழுத்துக்களுக்கு நூற்பட்டியல் தொகுத்து வெளியிட்டார். ஆய்வாளர்கள் அந்த நூலகத்தை நம்பியே எழுத வேண்டியிருந்தது. எல்லோருக்கும் வேண்டிய ஒன்றை ஒழுங்காகக் காத்து வைத்திருப்பவரிடம் எல்லோரும் வருவார்கள். வருகிறவர்கள் நாளடைவில் புத்தகம் கேட்பதோடு நிற்காமல் அபிப்பிராயமும் கேட்பார்கள்.

1972-இல் நிறுவகத்தின் ஆராய்ச்சி யாருக்காக நடைபெறுவது, அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்வதற்கா, இன்னல் படும் மக்களுக்குத் துணை நிற்பதற்கா என்ற பெரும் பிணக்கு எழுந்தபோது, ஊழியர்கள் அணி திரண்டது இந்த நூலகரைச் சுற்றித்தான். ஏப்ரல் மாதம் கூடிய அங்கத்தவர் கூட்டத்தில் ஊழியர் பக்கம் 94 வாக்குகளும், நிர்வாக சபையின் பக்கம் 8 வாக்குகளும் விழுந்தன. சபையில் பெரும்பான்மையோர் விலகினார்கள். அடுத்த வருஷம் சிவானந்தன் இயக்குநரானார். 1974-இல் நிறுவகத்தின் இதழுக்கு ‘ரேஸ் அன்ட் கிளாஸ்’ என்று பெயர் மாறியது.

சபையில் இருந்தவர்களும் அவருடைய திறமையை அறியாதவர்கள் அல்லர். திறமையை அறிவதும் மதிப்பதும் வேறு வேறு. தம்முடைய கொள்கைக்கு இடையூறு இல்லாத வரையில்தான் மேலிடம் ஒருவருடைய திறமையைப் போற்றும். இதை எண்ணி, மதிப்பை மேலிடத்திலிருந்து எதிர்பார்த்து உழைப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. அனுபவசாலிக்குப் பக்கத்து மேசைக்காரரின் மதிப்பே பெறத் தக்கது. அவர்தாம் இவருடைய வேலையை அன்றாடம் அருகிருந்து காண்கிறார்.

அந்த மதிப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 1972-க்குப் பிந்திய காலமே சான்று. பணம் அளித்து வந்தவர்கள் கையை மடக்கிக்கொண்டதும், நிறுவகம் ஜெர்மின் வீதியின் செல்வச் சூழலை விட்டுக் கிங்ஸ் குரொஸ் பக்கம் பென்டன்வில் வீதிக்கு இடம் பெயர்ந்தது. சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லாத நிலையிலும் சிலர் அவருடன் நின்றார்கள். அவருக்குக் கீழே நூலக உதவியாளராகச் சேர்ந்த ஹேசல் வாட்டர்ஸ், பல ஆண்டுகள் கழித்தும் அதே நிறுவகத்தில் இருந்து, அந்த இதழின் ஆசிரியர்களுள் ஒருவராகப் பணி செய்தார்.