ஆம்பிளிஃபயரா, ஸ்பீக்கரா?

செவிக்கு இன்பம் தருவனவற்றுள் தாய்மொழிக்கு முதலிடம் உண்டு. சொந்த ஊரில் வாழும்போது அவ்வின்பத்தை நாம் உணர்வதில்லை; காற்றைப் போல அது எங்கும் நிறைந்திருக்கிறது. பிழைப்பை நாடி வேறு மொழி வழங்கும் நகரில் குடியேறிய பின்னரே அதன் அருமை புலப்படுகிறது. கன்னடம் நமக்கு உடன்பிறந்த மொழி. அதனை அன்போடு கற்கிறோம். அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் பேசுகிறோம். ஆயினும் பெங்களூரில் வளரும் நம் குழந்தையின் காதில் நல்ல தமிழ் விழவேண்டுமானால் அதற்கு நாமே வழி செய்தல் வேண்டும். அவ்வழிகளுள் எளியது வீட்டில் பாட்டுக் கேட்பது.

பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் வினவலாம். ஒரு சிறு குடும்பத்தின் பணம் அதில் இருக்கிறது. முதியவர் ஒருவரின் மனநிறைவு இருக்கிறது. ஒரு குழந்தையின் தமிழும் இருக்கிறது. ஆகவே எழுதத் துணிந்தேன்.

ஸ்ரீராமபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஓர் ஆம்பிளிஃபயரும், மரப்பெட்டியில் அமைந்த இரண்டு ஸ்பீக்கர்களும் உள்ளன. என் தந்தையார் ஜோலார்பேட்டையில் இருப்புப் பாதைப் பணியில் இருந்தபோது 1989-ஆம் ஆண்டில் வாங்கியவை அவை. முன்பு கேசட்டுகள் பாடின; இப்போது கைபேசியை ஒரு கம்பியால் இணைத்துக் கேட்கிறோம். பணி ஓய்வு பெற்று எங்களோடு வாழும் தந்தையாருக்கு மாலை நேரத்தில் பழைய பாடல்களும் நாதசுரமும் வேண்டும். ஆனால் சில மாதங்களாக அவர் ஒரே குறையைச் சொல்லி வந்தார்: "சத்தம் வருகிறதப்பா, சொல் வரவில்லையே!"

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இன்னும் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க வராது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கிறாள். அவள் அறிந்த தமிழெல்லாம் காதால் பெற்ற தமிழ். தாத்தாவின் அருகில் அமர்ந்து பாட்டுகளைப் பாடுவாள். மழை என்று வரும் இடத்திலெல்லாம் "மளெ" என்றே பாடுவாள். அவள் மீது குற்றமில்லை. கன்னடத்தில் மழையின் பெயர் அதுதான். பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் பின்னர் வழக்கு ஒழிந்தது. நம் வீட்டுப் பெட்டியோ ழகரத்தையும் ளகரத்தையும் ஒரே முணுமுணுப்பாக வெளியிட்டது. அந்நிலையில் குழந்தை எதைக் கேட்டுத் திருந்தும்?

2025-ஆம் ஆண்டில் எங்களுக்கு 78 நாட்களுக்குரிய ஊக்கத்தொகையாக 17,951 ரூபாய் கிடைத்தது. பள்ளிச் செலவுக்கும் பண்டிகைக்கும் ஒதுக்கியது போக, ஒன்பதாயிரம் ரூபாயைப் பாட்டுக்குச் செலவிடலாம் என்று என் மனைவி இசைந்தாள். அலுவலகத்தில் அடுத்த மேசை நண்பர், "புதிய ஆம்பிளிஃபயர் வாங்குங்கள், நூறு வாட் என்றால் சொல் தானே தெளியும்" என்றார். என் மைத்துனரோ, "ஸ்பீக்கரை மாற்றுங்கள், மாமா" என்றார். இருவரும் உறுதியாகப் பேசினர். இருவர் சொல்லையும் ஏற்பதற்குப் பணம் போதாது. ஆகவே சற்றுச் சிந்திக்க வேண்டியதாயிற்று.

ஆம்பிளிஃபயரின் வேலை என்ன? கைபேசியிலிருந்து வரும் நுண்ணிய மின் அலையை, அதன் வடிவம் மாறாமல் வலிமையாக்கித் தருவது. ஸ்பீக்கரின் வேலை என்ன? அந்த மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்றுவது. முதல் வேலையில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. இரண்டாவதில் தாளால் ஆன கூம்பு ஒன்று, காந்தத்தின் நடுவே உள்ள கம்பிச் சுருளோடு சேர்ந்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஆடவேண்டும். எந்த வேலை கடினமானது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வரலாறும் இதனையே காட்டுகிறது. 1906-இல் தோன்றிய மூன்று முனை வால்வைக் கொண்டு பிற்பாடு ஆம்பிளிஃபயர்கள் செய்தனர். 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-இல் நம் ஜாலஹள்ளியில் தொடங்கப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் 1960-களில் வானொலிக்குரிய வால்வுகளையும் டிரான்சிஸ்டர்களையும் செய்தது. இன்று விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லே ஆம்பிளிஃபயரின் வேலையைச் செய்துவிடுகிறது. விலை குறைந்தது, தரம் உயர்ந்தது. ஆனால் ஸ்பீக்கரோ, 1925-இல் ரைஸ், கெலாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் வகுத்த அமைப்பையே பெரும்பாலும் இன்றும் பின்பற்றுகிறது. அதே கூம்பு, அதே சுருள், அதே காந்தம். நல்ல ஆம்பிளிஃபயர் தன் வலிமைக்குள் இயங்கும்போது ஒலியில் சேர்க்கும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸ்பீக்கர் உரத்த கீழ்க்குரலில் நூற்றுக்கு ஒன்று முதல் சில பங்குகள் வரை பிழை சேர்ப்பதுண்டு.

வாட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் நம்மை மயக்குவது அதுவே. ஐம்பது வாட் ஆம்பிளிஃபயரை நூறு வாட் ஆக்கினால் ஒலி இருமடங்கு ஆகும் என்று நினைக்கிறோம். உண்மையில் மூன்று டெசிபல் மட்டுமே கூடும். அது கூர்ந்து கேட்டால் தெரியும் சிறு ஏற்றம். காதுக்கு இருமடங்கு எனத் தோன்றவேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரு வாட் மின்சாரத்தில், ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி தரும் என்று ஸ்பீக்கரின் குறிப்பில் போட்டிருப்பார்கள். 85 என்றுள்ள ஸ்பீக்கரை விடுத்து 88 என்றுள்ளதை வாங்கினால், ஆம்பிளிஃபயரை இருமடங்காக்கிய பயன் அதிலேயே கிடைத்துவிடும். வீட்டு ஸ்பீக்கர், தான் பெறும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கையோ அதனினும் குறைவாகவோதான் ஒலியாக்குகிறது. எஞ்சியது சூடாகப் போகிறது. சிறிய அறையில் நிதானமாகக் கேட்கும்போது நாம் செலவிடுவது ஒரு வாட் அளவே. ஆகவே "ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ." என்று ஒட்டியிருக்கும் சீட்டுக்கு அன்பர்கள் மயங்க வேண்டாம், ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

ரயில்வேயில் பணிபுரிபவன் ஆதலால் எனக்கு ஓர் உவமை தோன்றுகிறது. வந்தே பாரத் வண்டி சோதனையில் 180 கிலோமீட்டர் வேகம் கண்டது. ஆயினும் பாதையில் வளைவும் வேகக் கட்டுப்பாடும் உள்ள இடத்தில், எஞ்சினில் எத்தனை வலிமை இருந்தும் ஓட்டுநர் அவ்வேகத்தைக் காட்ட இயலாது. பாதையைச் செப்பனிட்ட பிறகே வேகம் கூடும். ஆம்பிளிஃபயர் எஞ்சின், ஸ்பீக்கர் பாதை.

இவ்வளவு அறிந்தும் நான் கடைக்கு விரையவில்லை. அறிவு பொதுவானது, குறை நம் வீட்டுக்குரியது. அதைச் சோதித்தே அறிதல் வேண்டும். சோதனை மிக எளிது. ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்புறத்தில் உள்ள இடப்பக்க, வலப்பக்கக் கம்பிகளை ஒன்றுக்கொன்று மாற்றி இணைக்க வேண்டும். குறை அடுத்த பெட்டிக்கு இடம் மாறினால் அது ஆம்பிளிஃபயரிலோ அதற்கு முன்னோ உள்ளது. மாறாமல் அதே பெட்டியில் நின்றால் அது ஸ்பீக்கரின் குறை. எங்கள் வீட்டில் வலப்புறப் பெட்டியின் மங்கல் அப்பெட்டியிலேயே நின்றது. இடப்புறமும் முழுத் தெளிவில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனரின் ஸ்பீக்கர்களை இரவல் வாங்கி, எங்கள் ஆம்பிளிஃபயரில் இணைத்து, அதே பாட்டை அதே அளவில் வைத்தேன். சொற்கள் வந்தன. பிறகு எங்கள் பெட்டிகளை அவர் ஆம்பிளிஃபயரில் இணைத்தோம். பழைய முணுமுணுப்பே கேட்டது. வழக்கு அங்கே முடிந்தது.

நகர மார்க்கெட்டுக்கு அண்மையில் உள்ள சதர் பத்ரப்பா சாலையை எல்லோரும் எஸ்.பி. ரோடு என்பர். அங்கு ஒரு சந்தில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் பெரியவரிடம் பெட்டிகளைக் கொண்டு சென்றேன். முன்துணியை அகற்றியதும் கூம்பின் விளிம்பில் இருந்த நுரைப்பஞ்சு விரல் பட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. அவ்வகைப் பஞ்சு ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே மக்கிவிடும். மேல்குரலுக்குரிய ட்வீட்டர் இரண்டில் ஒன்றன் சுருள் அறுந்திருந்தது. மீட்டரின் முள் அசையவே இல்லை. "தம்பி, பெட்டி நல்ல மரம், காந்தமும் நன்றாக இருக்கிறது. புதிது வாங்காதீர்கள். விளிம்பு ரப்பரில் போட்டு, இரண்டு ட்வீட்டரையும் மாற்றித் தருகிறேன்" என்றார். எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய் ஆயிற்று.

சத்தம் இருந்தும் சொல் இல்லாமற்போனதன் காரணமும் அப்போது விளங்கியது. பேச்சின் வலிமை பெரும்பாலும் உயிரெழுத்துகளில், தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. மெய்யெழுத்துகளை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணொலிகளோ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல், 4,000 வரையிலும் அதற்கு அப்பாலும் பரந்துள்ளன. அவற்றைத் தரவேண்டிய உறுப்பு பழுதானால், வாட்டை எவ்வளவு கூட்டினாலும் உயிர் மட்டுமே பெருகும், மெய் வராது.

அடுத்தது அறை. எங்கள் பெட்டிகள் அதுவரை அலமாரியின் உச்சியில் ஒன்றும், கதவின் பின்னே மூலையில் ஒன்றுமாக இருந்தன. மூலையில் வைத்தால் கீழ்க்குரல் மிகுந்து சொல்லை மூடும். வெற்றுச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி எறிந்து ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலையில் ஏற்றும். பெரிய ரயில் நிலையங்களின் கூரையடியில் அறிவிப்பு உரக்கக் கேட்டும் விளங்காமற்போவது இதனாலேயே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு கூறப்படுகிறது. கலைக்கு இடத்தின் அளவும் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நாங்கள் செய்தது சிறிதே. பெட்டிகளை இரண்டு முக்காலிகளின் மீது, அமர்ந்திருப்பவர் காதின் உயரத்தில், சுவரினின்று ஒரு முழம் தள்ளி வைத்தோம். எதிர்ச்சுவரில் ஒரு தடித்த திரையைத் தொங்கவிட்டோம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, பயன் கண்கூடு.

இத்தனைக்குப் பிறகும் தந்தையார் சில சொற்களை மட்டும், "என்ன சொன்னான்?" என்று திரும்பக் கேட்டார். குழந்தைக்கு அச்சொற்கள் தெளிவாகவே கேட்டன. ஒலி செல்லும் வழியில் கடைசி நிலையம் நம் காது அல்லவா? முதுமையில் முதலில் குறைவது மேல்குரலைக் கேட்கும் திறனே. எஞ்சிய பணத்தில் அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். சோதனைத் தாளில் கோடு மேல்குரல் பக்கம் சரிந்திருந்தது. "எழுபது வயதில் இது இயல்பே, செவித்துணைக் கருவியால் நன்மை உண்டு" என்றார் மருத்துவர். புதிய ஆம்பிளிஃபயருக்கென்று நண்பர் சொன்ன பணம், இப்போது அக்கருவிக்காக மாதந்தோறும் சேரும் தொகைக்கு முதலாக இருக்கிறது.

ஆம்பிளிஃபயரை மாற்றவே வேண்டாம் என்று நான் கூறவில்லை. நல்ல ஸ்பீக்கரை இணைத்தும், ஒலியைச் சற்று உயர்த்தியதும் குரல் கிழிந்தால், அதன் வலிமை போதவில்லை என்று பொருள். பாட்டு இல்லாதபோதும் இரைச்சல் எழுந்தால் அதன் உள்ளே பழுது இருக்கலாம். முதலில் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கென்று செய்யப்பட்ட ஆம்பிளிஃபயரில் நான்கு ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் அது சூடேறி வருந்தும். பெரிய கூடத்தில், உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரை வைத்திருப்போருக்கும் வலிய ஆம்பிளிஃபயர் தேவைப்படும். மற்றவர்கள் முதலில் பெட்டியை இடம் மாற்றுக. பிறகு கம்பியை மாற்றிச் சோதிக்க. பிறகு இரவல் வாங்கிக் கேட்க. அதன் பின்னரே பணப்பையைத் திறக்க. அப்போதும் ஸ்பீக்கருக்கே முதலிடம் தருக.

என் மகள் இப்போது பத்துக்கு ஆறு முறை "மழை" என்கிறாள். மற்ற நான்கு முறை தாத்தா பாட்டை நிறுத்தித் தாமே சொல்லிக் காட்டுகிறார். அவருக்குக் கேட்காத சொல்லை அவள் உரக்கச் சொல்கிறாள். அவளுக்கு வராத எழுத்தை அவர் நாவை மடித்துக் காட்டுகிறார். அயலூரில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகளும் பெரியோரும் ஒருவர்க்கொருவர் இவ்வாறு உதவிக்கொள்ள, மாலையில் ஒரு மணி நேரமேனும் நல்ல தமிழ் தெளிவாக ஒலிக்கட்டும் என்று அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.