தொட்டிக்குள் 30 வருடம்

கலியாணம் முடிஞ்சு நாலு மாதம். இருவருக்கும் கலைப்பீடத்தில் இறுதி வருடம். கம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை, முடியாத இரண்டு ஆய்வுக்கட்டுரை, ஒரு சிவப்புக்காது ஆமை. மீன் கடையில் காசுக்குற்றி அளவில் விற்கிறார்கள். ஓடு ஒரு அடி வரைக்கும் வளரும், 30 வருடமும் இருக்கும் என்று ஒருத்தரும் சொல்லி விற்பதில்லை.

“குளத்தில விடுங்கோ பிள்ளையள்” என்கிறார் வீட்டுக்கார அன்ரி. விடமாட்டோம். இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து உயிர். எங்கட ஆமைகளின் சாப்பாட்டையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

படிப்பு முடிய ஒருத்தருக்கு மட்டக்களப்பில் வேலை, மற்றவருக்குக் கொழும்பில் என்றும் வரலாம். அப்ப தொட்டி யாரோட போறது? கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் சண்டை இதுதான். இன்னும் முடியவில்லை.