அப்புத்தளையில் ஓரிரவு
(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர்)

விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் என்றால் சங்கப் பாடலையும் கந்தபுராணத்தையும் விட்டு வெளியே வரமாட்டான் என்பது மாணவர்களின் நெடுநாளைய முடிபு. அம்முடிபை ஒருமுறையேனும் பொய்ப்பிக்கும் பொருட்டு, 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நாம் மேற்கொண்ட சிறு பயணம் ஒன்றைப்பற்றி ஈண்டு எழுதத் துணிந்தோம். பயணக் கதையாகத் தொடங்கினும் இது பிழைதிருத்தம் ஒன்றாகவே முடியும் என்பதை முன்னரே கூறிவிடுகின்றோம்.

எம்முடன் கற்பிக்கும் கணித ஆசிரியர் ஒருநாள், விடைத்தாள்களின் நடுவே தலையைப் புதைத்திருந்த எம்மைப் பார்த்து, "மாஸ்ரர், ரெண்டு நாள் குளிருக்குள்ள போய் இருந்திட்டு வருவம்" என்றார். அப்புத்தளைக்கு அண்மையில் பலகையாற் கட்டிய சிறுகுடில் ஒன்று வாடகைக்கு உண்டென்றும், தொலைபேசியிற் பேசி எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்றென்றும் சொன்னார். வெள்ளி இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, சனி விடியற்காலையிற் கண்டியில் இறங்கி, அங்கிருந்து பதுளைப் புகைவண்டியைப் பிடித்தோம்.

அப்பாதை 1885 இல் நானுஓயாவையும், 1893 இல் அப்புத்தளையையும், 1924 இல் பதுளையையும் சென்றடைந்தது. சமநிலத்திற் பிறந்து, பனைக்கும் கோயிற் கோபுரத்திற்கும் மேல் உயர்ந்ததெதனையும் காணாது வளர்ந்த எமக்கு, அன்று கண்ட ஒவ்வொரு வளைவும் வியப்பாயிருந்தது. 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையமே இந்நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். அங்கே எம் நண்பர் மீற்றரை அடிக்கணக்காக மாற்றிக்கொண்டிருக்க, நாம் போர்வையைத் தேடினோம்.

அப்புத்தளை, மலைமுதுகின்மேல் அமர்ந்த சிறு பட்டினம். கடைத்தெருவும் தண்டவாளமும் அருகருகே கிடக்க, மக்கள் தண்டவாளத்தின் மீதே நடந்து சந்தைக்குப் போகின்றனர். இருபுறமும் நிலம் சரிந்து தேயிலைக்குள் இறங்குகிறது. நிலையத்தில் எம்மை எதிர்கொண்டவர் குடிலைப் பராமரிக்கும் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். எம்மை ஒருமுறை கூர்ந்து நோக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாது பைகளை வாங்கிக்கொண்டார்.

குடிலோ மிக எளியது. தகரக் கூரை, பலகைச் சுவர், இரண்டு கட்டில்கள், ஒரே யன்னல். யன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் உள்ளே வந்துவிடும் போலிருந்தது. மாலையில் அவ்விளைஞர் எம்மைத் தோட்டத்துப் பாதையில் அழைத்துச் சென்றார். கொழுந்து மடுவத்தின் முன், இடுப்பிற் படங்கு கட்டிய பெண்கள் சுமைகளுடன் வரிசையாக நின்றனர். தராசிற் கண்ட நிறையிலிருந்து சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிக்கப்பட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்கூலியே அவ்வாண்டும் நடைமுறையிலிருந்தது. "மூணாவதா நிக்கிறது எங்க அம்மா" என்றார் இளைஞர்.

இரவு வெளியே தீ மூட்டி, கல்லில் ரொட்டி சுட்டுக் கட்டைச் சம்பலுடன் தந்தார். நண்பர் உறங்கச் சென்றபின் தீயருகே நாம் இருவருமே எஞ்சினோம். அப்போது அவர் மெல்லச் சொன்னார்: "என் பேரைச் சொன்னா ஞாபகம் வராது சார். பிரட்டுன்னு சொன்னா வருமா?"

வந்தது. தீயருகே இருந்தும் எமக்கு உடல் குளிர்ந்தது.

2011 ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பு. ஊவாவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த சிறுவன் ஒருவன் பின்வரிசையில் இருந்தான். 'எனது தாய்' என்ற கட்டுரையில், 'விடிந்ததும் அம்மா பிரட்டுக்குப் போவார்' என்று எழுதியிருந்தான். நாம் சிவப்பு மையால் 'பி'யைப் 'பு'வாக்கினோம். அத்துடன் நின்றோமா? வகுப்பின் முன்னே உரத்துப் படித்து, "உன் தாய் விடிந்ததும் புரட்டுக்கா போகிறார்?" என்று கேட்டோம். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். அவ்வாண்டு முடியுமுன் அவன் விடுதியை விட்டுப் போய்விட்டான். ஏன் போனான் என்று நாம் கேட்டதில்லை.

பிரட்டு என்பது யாது என்று அன்றிரவுதான் கேட்டறிந்தோம். விடியற்காலையில் தொழிலாளர் கூடி நிற்க, பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரிக்கும் நிகழ்ச்சி அது. "பேரு கூப்பிடலன்னா அன்னைக்கு வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல சார்" என்றார். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவிற் பட்டுத் திரிந்த வடிவமாம். நாள்தோறும் காலையில் நாம் இடாப்பை விரித்துச் செய்வதும் பிரட்டன்றோ! போர்த்துக்கேயர் தந்த கதிரையில் அமர்ந்து, அவர்கள் தந்த மேசையில் தாள் விரித்து, அவர்கள் தந்த யன்னலாற் காற்று வாங்கிக்கொண்டு, ஒரு பிள்ளையின் தாய் நாள்தோறும் போகும் இடத்தின் பெயரைத் தமிழன்று என நாம் தள்ளியிருந்தோம்.

"தம்பி, பிழை உம்முடையதன்று, எம்முடையது" என்றோம்.

அவர் விறகைத் தள்ளி வைத்தார். "அந்தச் சிரிப்புக்காக நான் போகல சார். அப்பா தவறிட்டாரு, அதான். ஆனா அதுக்கப்புறம் கட்டுரை எழுதல." சற்று நேரங்கழித்து, "ரொட்டி ஆறுது சார், சாப்பிடுங்க" என்றார்.

மறுநாள் ஞாயிறு. புறப்படுமுன் அவருடைய வீட்டுக்கு அழைத்துச் சென்றார். லயத்தில் ஒரு காம்பரா, முன்னே சிறிய இஸ்தோப்பு. அந்த அம்மா, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து எம்மை இருத்தி, தேநீர் தந்துவிட்டுக் கேட்டார்: "எங்க புள்ள ஒங்க பள்ளிக்கூடத்துல நல்லாப் படிச்சானாங்க சார்?"

இளைஞர் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். ஆம் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்திருக்கலாம். அவ்வாறு சொல்ல நா எழவில்லை.

"அம்மா, உங்களைப்பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரை. அதில் ஒரு சொல் எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாததை நான் பிழை என்று வெட்டி, பிள்ளையைச் சபையிலே சிரிக்க வைத்துவிட்டேன்" என்றோம்.

அவர் எம்மை விட்டு மகனைப் பார்த்தார். "என்னைப் பத்தியா? என்னடா எழுதுன?"

"நீ பிரட்டுக்குப் போறதைப் பத்தி."

"அதுல எழுத என்ன இருக்கு?" என்று கேட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மகனும் சிரித்தார். எமக்குத்தான் சிரிக்க இயலவில்லை.

மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, அதே 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றிருந்தனர். அச்செய்தியை வகுப்பில் நாம் விளக்கியிருந்தோம். 1823 இன் கோப்பித் தோட்டங்களையும், 1867 இல் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கியதையும், 1948 இன் குடியுரிமைச் சட்டத்தையும் ஆண்டு தவறாது சொல்ல வல்ல எமக்கு, பின்வரிசைப் பிள்ளையின் ஒரு சொல் தெரியாது போயிற்று. ஆசிரிய கலாசாலையில் நாம் பெற்ற சான்றிதழ் வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகின்றது. அதனைக் காணும்போதெல்லாம் அந்த இஸ்தோப்பு நினைவுக்கு வருகின்றது.

இப்பொழுது கட்டுரைத் தாளில் அறியாத சொல்லைக் கண்டால் நாம் அதனை வெட்டுவதில்லை. அருகே சிறு வினாக்குறி இட்டு, எழுதியவனைத் தனியே அழைத்துக் கேட்கின்றோம். கடற்கரைப் பிள்ளைகள் தம் தந்தையரின் வலைகளைப்பற்றிச் சொல்லித் தந்தவற்றால் மட்டும் எமது குறிப்பேட்டில் பல பக்கங்கள் நிறைந்துள்ளன.

மலர்க்குழுவினருக்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். வைத்தியரும் பொறியியலாளரும் ஆனோரின் பெயர்களை இம்மலர் பெருமையோடு தாங்கி வரும், வரட்டும். ஓராண்டு மட்டும் இடாப்பில் இருந்து இடைநடுவே போனவனும் இக்கல்லூரியின் பழைய மாணவனே. அப்புத்தளை இளைஞரின் முகவரியைச் செயலாளரிடம் ஒப்படைத்துள்ளோம். விழாவுக்கு அவருக்கும் ஓர் அழைப்பு போகட்டும். அவர் வருவாரோ, வாராரோ, நாம் அறியோம். பெயர் கூப்பிடுவது எமது கடன்.