விடிய விடிய ஓடின படங்கள்

மகள் வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசியில் கேட்டாள்: “அப்பா, வீட்டில இருந்து பார்க்க ஒரு நல்ல படம் சொல்லுங்கோ. அடிபிடி இல்லாம, மனசுக்கு இதமா.”

ரொறன்ரோவில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீடு வெதுவெதுப்பாக இருந்தது. சுவரில் பாதியை அடைத்து நிற்கும் திரை, அதற்குள் எண்ண முடியாத படங்கள், விரல் பட்டால் ஓடத் தொடங்கும். படப் பெயர்கள் என் நாக்கு நுனியில்தான் நின்றன. சொல்ல வாயெடுத்தபோது காதுக்குள் கேட்டது ஜெனரேற்றர் சத்தம்.

அந்தச் சத்தம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் ஒழுங்கைக்கு அது வந்து சேர்வதே ஒரு திருவிழா. ரீவி ஒரு சைக்கிளில், டெக் இன்னொரு சைக்கிளில், ஜெனரேற்றர் தள்ளுவண்டியில். ஏழெட்டு வீடு காசு சேர்த்து ஓர் இரவுக்கு எடுக்கும் வாடகை. ஜெனரேற்றரைக் கோடிப்பக்கம், கிணற்றடி தாண்டிக் கொண்டுபோய் வைப்பார்கள். கயிற்றைச் சுற்றி இழுத்தால் முதல் இழுவையில் இருமும், இரண்டாவதில் பொருமும், மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு விடிய விடிய அதே தாளம். முற்றத்தில் பனையோலைப் பாய்கள், முன்வரிசையில் குழந்தைகள், விறாந்தைக் கட்டில் கிழவிகள், வேலியோரம் இளந்தாரிகள், கச்சான் கோது நொறுங்கும் ஒலி, யாரோ ஒரு மாமி பெரிய கேத்தலில் கொண்டுவரும் தேத்தண்ணி, படத்துக்கும் எங்களுக்கும் நடுவில் பறந்து திரியும் ஈசல்கள், மேலே விரிந்து கிடந்த மாசி மாத வானம். நாலு படம். ஓர் இரவு.

அந்த நாலு படத்தையும் தெரிவுசெய்து தருகிறவரைக் கசற் அண்ணை என்று கூப்பிடுவோம். அவருடைய கடை ஒரு சின்ன அறை. சுவர் நிறையப் பலகைத் தட்டு, தட்டு நிறைய வீடியோ கசற். ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில் அவருடைய குண்டுக் கையெழுத்து. எல்லாம் கொப்பியின் கொப்பி. திரையின் அடிப்பக்கம் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு நடுங்கும். அவர் புது ரூபாய்த் தாள் ஒன்றால் டெக்கின் ஹெட்டைத் துடைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும். கடைக்குப் போய் “அண்ணை, நல்ல படம் தாங்கோ” என்றால் உடனே தட்டுக்குக் கைபோகாது. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

“வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?”

அம்மம்மா இருக்கிறா என்றால் முதல் படம் திருவிளையாடல். அக்காவைப் பெண்பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லை என்று தெரிந்தால் சீதனத்தில் கலியாணம் குழம்பும் படத்தை எடுத்துப் பின்னுக்கு வைத்துவிடுவார். மகன் இயக்கத்துக்குப் போன வீடு, மகன் வெளிநாட்டுக்குப் போய்க் கடிதம் வராத வீடு, துடக்குக் கழியாத வீடு, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் சித்தி பாசமலர் வேண்டும் என்று பிடிவாதமாக ஆளனுப்பினா. “அவவின்ரை தம்பி போய் மூண்டு மாசம்தானே தம்பி, இப்ப வேண்டாம். பிறகு நானே தாறன்” என்று சொல்லி நாகேஷ் படம் ஒன்றைக் கையில் வைத்தார். எந்த வீட்டுக்கு எந்த இரவில் எது ஆகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. வீடு தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எங்களுக்கு அவர் தந்தவற்றில் தில்லானா மோகனாம்பாளை மட்டும் நாலைந்து இரவு பார்த்திருப்போம். 1968 இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த படம். கொத்தமங்கலம் சுப்புவின் கதை. திரையில் சிவாஜியின் விரல்கள் ஓடுகின்றன, ஒலிக்கும் நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. இணுவில் தவிலும் நாதஸ்வரமும் பிறந்து வளர்ந்த ஊர். தட்சணாமூர்த்தி என்ற தவில் மேதை வாழ்ந்து 1975 இல் மறைந்த மண் யாழ்ப்பாணம். எங்கள் ஒழுங்கையிலும் வயதுபோன தவில்காரர் ஒருவர் இருந்தார். கை நடுங்கத் தொடங்கி, தோளில் தவில் ஏற்றுவதை விட்டுப் பல வருடம். அந்தப் படம் ஓடும் இரவில் அவருக்கு மட்டும் கதிரை போடுவோம். கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். படத்தை அவர் பார்க்கவில்லை, கேட்டார். போட்டிக் கச்சேரி வரும்போது அவருடைய வலக்கை தொடையில் மெல்லத் தட்டத் தொடங்கும். நடுக்கம் நின்றிருக்கும். நாங்கள் திரையை விட்டு அந்தக் கையைப் பார்ப்போம்.

அந்தத் தாளத்தை நான் பிறகு எங்கேயும் கேட்கவில்லை. இப்போது அதே படம் கழுவித் துடைத்த நிறங்களோடு, கோடு இல்லாமல், நடுக்கம் இல்லாமல் என் வீட்டுச் சுவரில் ஓடுகிறது. போட்டிக் கச்சேரி வரும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

அம்மம்மாவுக்கு ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை. 1964 ஆம் ஆண்டுப் படம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தில் அம்மம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துவா. சிரிப்பு தலைப்புக்குள் அடங்காது. நாற்பது வயதில் விதவையான மனுசி, பகலில் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. நாகேஷ் கதவைத் திறக்கும் சத்தம் போட முந்தியே அவவுக்குத் தோள் குலுங்கத் தொடங்கிவிடும். அவவின் சிரிப்பைக் கேட்க வேண்டும் என்றே நான் அந்தக் கசற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துவந்தேன். கசற் அண்ணை அதற்கு மட்டும் கேள்வி கேட்கமாட்டார்.

வாடகைக்குக் காசில்லாத நாட்களில் கடல் தாண்டி வரும் தூரதர்ஷன் இருந்தது. ரூபவாகினி 1982 இல் தொடங்கியிருந்தாலும் எங்கள் கண் தமிழ்நாட்டுப் பக்கமே. அதற்கு உயரமான இரும்புக் குழாயில் அன்ரனா கட்டவேண்டும். குழாயைத் திருப்ப ஒருவர் முற்றத்தில், திரையைப் பார்க்க ஒருவர் விறாந்தையில், நடுவில் சொல்லைக் கடத்த யன்னலில் ஒருவர். “வந்திட்டுதோ?” “இல்லை, இன்னும் கொஞ்சம் மேற்காலை… நில்லுங்கோ நில்லுங்கோ… போட்டுது.” அந்த மூன்று குரலில் இரண்டு இன்று உலகத்தில் இல்லை.

1988 ஒக்ரோபரில் ஹிந்தியில் மகாபாரதம் வரத் தொடங்கியது. ஞாயிறு காலை. எங்களில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. ஆனால் ஐயா கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன் சொல்கிறவர். ஒருவர் செய்யுளைப் படிக்க, அவர் பொருளை விரித்துச் சொல்வார். அதே முறையில் ரீவிக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டியிருந்து, திரையில் வீடுமர் பேசி முடிய, தொண்டையைச் செருமிப் பயன் சொல்லுவார். அது சரியான மொழிபெயர்ப்பா என்று கேட்க ஆள் இல்லை. எங்களுக்கு அதுதான் மகாபாரதம். தொடர் முடியும் தறுவாயில், 1990 ஜூனில், போர் மீண்டும் தொடங்கியது. மின்சாரம் நின்றது. குருக்ஷேத்திரம் எப்படி முடிந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. ஐயா ஜாம் போத்தல் விளக்கைப் பக்கத்தில் வைத்து, வெறும் ரீவிப் பெட்டிக்கு முன்னால் இருந்து, மிச்சத்தைச் சொல்லி முடித்தார். வானத்தில் பொம்பர் சத்தம் கேட்டால் விளக்கை ஊதிவிட்டு இருட்டில் தொடர்ந்தார்.

பிறகு வந்த ஐந்து வருடம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். பற்றரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அப்படியிருந்தும் எப்போதாவது, யாராவது சேர்த்துவைத்த எண்ணெயில், யன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, ஒரே ஒரு படம். மகேந்திரனின் முள்ளும் மலரும் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. 1978 இல் வந்தது, நான் பார்த்தது 1993 இல். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா, மட்டக்களப்பில் பிறந்த எங்கட ஆள் என்று கசற் அண்ணை பெருமையாகச் சொன்னார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நிற்கும் அந்தக் கடைசி இடத்தில் எண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் நின்றுவிட்டது. அறை முழுக்க இருட்டு. யாரும் எழும்பவில்லை. பக்கத்தில் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்த இருட்டை என்ன விலைக்கும் நான் வாங்கத் தயார்.

ஒரு குறை கசற் அண்ணைக்கு எப்போதும் இருந்தது. எங்கட பேச்சில் எங்கட படம் இல்லையே என்பார். இருந்தன. தர்மசேன பத்திராஜ எங்கள் ஊர்களில் எடுத்த பொன்மணி 1977 இல் வந்தது. செங்கை ஆழியானின் நாவலில் இருந்து வாடைக்காற்று அடுத்த வருடம் வந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவை எரித்தபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. எரிந்ததற்குக் கொப்பி எடுக்க முடியாது. அவருடைய தட்டில் ஒரு மூலை எப்போதும் வெறுமையாகவே இருக்கும். “வந்தா வைக்கத்தான்” என்பார்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க ஒரு நாழிகை. மழை. சனத்துக்குள் கசற் அண்ணையைக் கண்டேன். சைக்கிள் கரியரில் ஒரு கசற்கூட இல்லை. தாயை வைத்துக் கட்டியிருந்தார். கண்ணாடியில் மழைத்துளி. என்னைக் கண்டதும் அதே குரல்.

“தம்பி, உங்கட வீட்டில ஆர் ஆர் வந்திட்டினம்?”

ஐயா வரவில்லை என்றேன். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். சனம் தள்ளியது. அதுதான் கடைசி.

அம்மாவின் குரல் எனக்கு இன்னும் சில வருடம் கிடைத்தது. 2002 இல் சமாதானம் என்றார்கள். வீட்டுக்கு மின்சாரமும் ரீவியும் திரும்பியிருந்தன; அம்மா மெட்டி ஒலி பார்க்கத் தொடங்கினா. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பன் ஒருவரின் கதை. அதற்குள் ரொறன்ரோவுக்கு வந்திருந்த நான் இங்கே இரவு வேலை முடிந்து வந்து, ரெலிபோன் கார்ட்டின் இலக்கங்களைச் சுரண்டி அழைப்பேன். சுகம் கேட்டு முடிய அம்மா சொல்லுவா: “நேற்று என்ன நடந்தது தெரியுமோ…” அரைவாசிக் காசு அந்தக் குடும்பத்துக்கே போகும். ஐந்து பெண்களின் துன்பத்தையும் தன் வயிற்றில் பிறந்ததுகள்போலச் சொல்லி, நடுவில் நிறுத்தி, “நீ சாப்பிட்டியோ ராசா?” என்று கேட்டு, மீண்டும் தொடருவா. அந்தத் தொடரில் ஒரு நாளைக்கூட நான் அப்போது பார்த்ததில்லை; முழுக்கதையும் தெரியும். அம்மா போன பிறகு ஒரு நாள் தேடி எடுத்துப் பார்த்தேன். நல்ல தொடர்தான். நடிப்பும் நன்று. எங்கும் நிறுத்தி யாரும் என்னைச் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

இங்கே திரையில் “உங்களுக்காக” என்று ஒரு வரிசை வருகிறது. நான் நேற்றுப் பார்த்ததை வைத்து இன்று பார்க்கவேண்டியதை அது எடுத்து வைக்கிறது. படங்களும் பெரும்பாலும் நல்லவைதான். ஆனால் போன கார்த்திகையில் அக்கா மோசம்போன செய்தி வந்த இரவிலும், ஒரு தங்கையைச் சுடலைக்குக் கொண்டுபோகும் படம் முதலாவதாக நின்றது. பின்னுக்கு எடுத்துவைக்க அங்கே ஒரு கை இல்லை.

மகள் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள். நீங்களும் என்னைப்போல ஏதோ ஓர் ஊரில், கதவைப் பூட்டிக்கொண்டு, பெரிய திரைக்கு முன்னால் தனியாக இருக்கிறவராக இருக்கலாம். உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சிரிக்கவேண்டுமென்றால் காதலிக்க நேரமில்லை. ஒரு வயதுபோனவர் பக்கத்தில் இருந்தால் தில்லானா மோகனாம்பாள். சகோதரம் தூரத்தில் இருந்தால் முள்ளும் மலரும். பார்த்து முடிய ஒரு தொலைபேசி எடுங்கள். வீடொன்றை விட்டு வந்தவர்களுக்குப் பாலு மகேந்திராவின் வீடு, 1988 இல் வந்தது, மெல்ல நகரும், பொறுத்திருந்து பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கவேண்டுமென்றால் அவரே சின்னத்திரைக்கு எடுத்த கதை நேரம். ஐம்பத்திரண்டு சிறுகதைகள், ஓர் இரவுக்கு ஒன்று போதும்.

ஆனால் மகளே, இதில் எதை உனக்கு எடுத்துத் தருவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முதலில் சொல்லு, இண்டைக்கு உங்கட வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?