வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா?



படிப்பில் மந்தமான பிள்ளையை "எருமை" என்று ஏசுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. எருமை எதைப் போட்டாலும் தின்னும், எதற்கும் அசையாது, சேறும் தண்ணீரும் இருந்தால் அதற்குப் போதும் என்று நாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். அந்த முடிவில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியால் கன்றுகள் நலிகின்றன. அவற்றை நம்பியிருக்கும் குடும்பங்களும் நட்டப்படுகின்றன. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு பள்ளி ஆசிரியருக்கும் எருமைக் கன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மாடுகளை விற்றுவிட்டு மக்கள் பட்டணத்து வீடுகளுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். இன்றும் ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் பக்கங்களில் இரண்டு மூன்று உருப்படிகளை வைத்துக்கொண்டு பால் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்குத்தான்.

நம் நாட்டில் எருமை இரண்டு வகை. வயலில் உழுததும், செம்பனைக் குலை வண்டி இழுத்ததும் சதுப்பு எருமை. அதன் பால் கன்றுக்கே சரியாகிவிடும். நம்மவர்கள் பாலுக்காக வளர்ப்பது இந்தியாவிலிருந்து வந்த முர்ரா வகை; கொம்பு சுருண்டிருக்கும். எந்த வகையானாலும், வளர்ந்த எருமைக்கு ஒரு திறமை உண்டு. பசு ஒதுக்கும் முரட்டுப் புல்லையும் வைக்கோலையும் தின்று காலம் தள்ளிவிடும். அதைப் பார்த்துப் பழகிய நாம், கன்றுக்கும் அதுவே போதும் என்று எண்ணிவிடுகிறோம். தவறு தொடங்கும் இடம் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஓர் ஆறாம் ஆண்டு மாணவன் இருந்தான். பத்து மணிக்கெல்லாம் தூங்கி விழுவான். கை முழுக்க லாலான் புல் கீறிய கோடுகள். விசாரித்தேன். பாட்டியோடு இருக்கிறான், வீட்டில் ஒரு கறவை எருமை, பத்து மாதக் கிடேரிக் கன்று ஒன்று. பள்ளி விட்டதும் கன்றுக்கு இரண்டு சாக்குப் புல் அறுப்பது அவன் வேலை. இருட்டிய பிறகுதான் வீட்டுப்பாடம்.

ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கன்றின் வயிறு பானை போல் உப்பியிருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மயிர் பழுத்துச் சிலிர்த்து நின்றது. பாட்டி என்னிடம், "இவ்வளவு புல்லு போட்டும் உடம்பு வைக்கலியே வாத்தியாரே, யாரு கண்ணு பட்டுச்சோ" என்றார்.

கண் படவில்லை. புரதம் எட்டவில்லை, அவ்வளவுதான்.

அது எப்படி என்று சொல்கிறேன். எருமையின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை பெரிய பீப்பாய் போன்றது. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கின்றன. புல்லின் நாரை உடைப்பவை அவைதான். பிறகு அந்த நுண்ணுயிர்களே மாட்டுக்குப் புரத உணவாகவும் ஆகின்றன. ஆனால் அவை பெருக வேண்டுமானால் தீனியில் குறைந்தது 7 விழுக்காடு புரதம் வேண்டும். காய்ந்த வைக்கோலில் இருப்பது 3 முதல் 4 விழுக்காடுதான். முற்றிய லாலானும் ஏறக்குறைய அதே இனம்தான். அவற்றை மட்டும் போட்டால் நுண்ணுயிர்கள் மெலிந்துவிடும். நார் செரிக்காமல் தேங்கும். வயிறு பெரிதாகும், உடம்பு சிறுக்கும்.

ஏழு விழுக்காடு என்பது வளர்ந்து முடிந்த மாடு உயிரைத் தக்க வைத்துக்கொள்ள. கன்றுக்கு அன்றாடம் புதிய தசையும் எலும்பும் தோலும் உண்டாக வேண்டும். ஆகவே பால் மறக்கும் பருவத்தில் அதன் தீனியில் 16 முதல் 18 விழுக்காடு வரை புரதம் தேவை. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை ஏறக்குறைய 14. அதற்குமேல் 12 இருந்தால் நல்லது. எத்தனை சிறிய கன்றோ அத்தனை செறிவான தீனி என்பதை மனத்தில் வையுங்கள்.

என் மாணவனுக்கு இதை ஒரு கணக்காகவே கொடுத்தேன். தையல் நாடாவால் கன்றின் மார்புச் சுற்றளவை முன்னங்காலுக்குப் பின்னால் அளந்தோம்: 42 அங்குலம். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை நீளம் 38 அங்குலம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். பையன் தரையில் குந்தியபடியே போட்டு, "நூத்தி ஒண்ணு சார்" என்றான். சரியான விடை.

நூறு கிலோக் கன்று நாளொன்றுக்கு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், இரண்டரை முதல் மூன்று கிலோ தீனி தின்னும். நாளுக்கு அரை கிலோ அளவில் அது வளர வேண்டுமானால் அந்தத் தீனிக்குள் 350 முதல் 400 கிராம் புரதம் இருக்க வேண்டும். மூன்று கிலோ வைக்கோல் முழுவதையும் அது தின்றாலும் கிடைப்பது 110 கிராம்தான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னும் ஒரு சாக்குப் புல்லைக் கூட்டினால் தீருமா? வயிற்றில் இடமில்லையே!

விடை நம் காலடியிலேயே இருக்கிறது, வாசகர்களே. நாட்டிலேயே முதன்முதலாக, 1917-இல், வாணிப நோக்கில் செம்பனை நடப்பட்டது நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். பெயரிலேயே தமிழ் மணக்கும் தென்னமரம் தோட்டம் அது. செம்பனைக் கொட்டையின் பருப்பை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கில் ஏறக்குறைய 15 விழுக்காடு புரதம் இருக்கிறது. நம் நாட்டுப் புண்ணாக்கைக் கப்பல் கப்பலாக வாங்கி நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் பால் மாடுகளுக்குப் போடுகிறார்கள். நாமோ அதே தோட்டத்து ஓரத்தில் கன்றுக்கு லாலான் அறுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் கேளுங்கள். மறுநடவு செய்த இடங்களில் மண்ணை மூடப் படரவிடும் அவரையினக் கொடிகள், "பெத்தாய் பெலாலாங்" என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சவுண்டல் மரத்து இலை, தோட்டத்தில் களையென்று அழிக்கப்படும் "ரும்புட் இஸ்ரேல்" என்னும் செடி ஆகியவை எல்லாம் புரதம் மிகுந்தவை. சவுண்டல் இலையில் 20 விழுக்காட்டுக்கு மேலேயே உண்டு. மரவள்ளி இலையும் அப்படியே. ஆனால் அதில் நஞ்சு இருப்பதால் பறித்த உடனே போடாமல், நன்றாக வெயிலில் உலர்த்தியே போட வேண்டும். சவுண்டல் இலையும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாட்டுக்கு மயிர் கொட்டும்.

அந்தக் கன்றுக்கு நாங்கள் வகுத்த கணக்கு இது: இளசான கினி அல்லது நேப்பியர் புல் 8 கிலோ, அதில் புரதம் 145 கிராம், செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு 1 கிலோ, அதில் சுமார் 150 கிராம், சவுண்டல் இலை ஒன்றரைக் கிலோ, அதில் சுமார் 95 கிராம். கூட்டினால் 390. தாது உப்பும் நல்ல தண்ணீரும் எப்போதும் அருகில். புண்ணாக்கைச் சிறிது சிறிதாகப் பழக்கி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டு வந்தோம். கால்நடை அலுவலர் வந்து புழு மருந்தும் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமைதோறும் பையன் நாடா பிடித்தான், நோட்டில் எழுதினான், கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்தான். மூன்று மாதத்தில் கன்று 38 கிலோ கூடியது. நாளுக்கு எத்தனை கிராம் என்று அவனே வகுத்து 420 என்றான். பாட்டிக்குப் புண்ணாக்குச் செலவு முதலில் உறுத்தியதுதான். ஆனால் இரண்டு சாக்குப் புல் முக்கால் சாக்கானது. ஐந்து மணிக்கெல்லாம் பையன் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். வகுப்பில் முதல் மாணவன் ஆகிவிட்டான் என்று கதை சொல்ல மாட்டேன். தூங்குவது நின்றது, கணக்குப் பாடம் பிடித்துப்போயிற்று. ஆசிரியனுக்கு அது போதும்.

பாட்டிக்கும் இலாபம் உண்டு. கிடேரி பருவத்துக்கு வருவது வயதைவிட உடல் எடையைப் பொறுத்தது. நன்றாக வளர்ந்த கிடேரி மூன்று வயதை ஒட்டி முதல் கன்று ஈனும். வாடிய கிடேரிக்கு நான்கு, ஐந்து வயது கூட ஆகும். காத்திருக்கும் அந்த ஆண்டுகளில் பாலும் இல்லை, கன்றும் இல்லை. தீனிச் செலவு மட்டும் உண்டு. கன்றாக இருக்கும்போது மிச்சம் பிடித்த புண்ணாக்குக் காசு பின்னால் பல மடங்காகக் கையைக் கடிக்கும்.

பிறந்த கன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள் வயிறாரக் குடிக்க விடுங்கள். முதல் மாதம் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் அதற்கே உரியது. எருமைக் கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே ஒருவகை உருண்டைப் புழு வந்து சேரும். ஆகவே இரண்டு மூன்று வாரத்தில் புழு மருந்து கட்டாயம். அப்போதே சோளக்குருணை, சோயாப் புண்ணாக்கு, தவிடு கலந்த தீனியை நாக்கில் தடவிப் பழக்குங்கள். காளைக் கன்றுதானே என்று பட்டினி போடாதீர்கள். அதுவும் வளர்ந்தால் காசுதான்.

சில எச்சரிக்கைகள். களைக்கொல்லி அடித்த இடத்துப் புல்லை அறுக்காதீர்கள். பாராகுவாட் மருந்துக்கு 2020-இல் நாட்டில் தடை வந்துவிட்டது. ஆனாலும் வேறு மருந்துகள் அடிக்கப்படுகின்றன. மூடுகொடியைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் அறுக்க வேண்டாம். யூரியா உரச் சாக்கை மாடு நக்கும்படி விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. சிகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல் வைக்கோலை முறைப்படி யூரியாக் கரைசலில் பதப்படுத்தலாம்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர், காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம். புரதம் 7, 8 விழுக்காடாக உயரும். ஆனால் அது ஒரு வயது கடந்த மாட்டுக்குத்தான், கன்றுக்கு அல்ல. முதல் முறை கால்நடை அலுவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தாய்மார்களே, கன்றைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் நினைவு வராமல் போகாது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார் ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது, வயிறும் காலும் வீங்கி வாடிய குழந்தைகளைக் கண்டார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்து, வெறும் சோளக்கூழில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்த ஊர் மக்கள் வழங்கிய "குவாஷியோர்கர்" என்ற பெயரையே 1935-இல் அவர் உலகுக்கு அறிவித்தார். புரதக் குறையே காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார். வேறு காரணங்களும் சேர்ந்தே அந்நோயை உண்டாக்குகின்றன என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். பின்னர் அவர் மலாயாவுக்கு வந்தார். 1939-இல் சிங்கப்பூரில் பேசும்போது, இனிப்புக் கட்டிப்பாலைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது கொலைக்கு ஒப்பானது என்று துணிந்து சொன்னார்.

அந்தக் கட்டிப்பால் டின் இன்றும் நம் அடுக்களையில் இருக்கிறது. காலையில் இனிப்புத் தேநீரும் ரொட்டியும், மதியம் சோறும் இரசமும் என்று பள்ளிக்கு வரும் பிள்ளைகளை நான் அன்றாடம் பார்க்கிறேன். வயிறு நிறைந்திருக்கிறது, வளர்ச்சிக்கு வேண்டியது உள்ளே போகவில்லை. கன்றுக்கு இலையையும் புண்ணாக்கையும் தசையாக மாற்றித் தர நுண்ணுயிர்ப் படை உண்டு. நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அவர்களுக்கு முட்டை, நெத்திலி, பருப்பு, கடலை, சோயாப் பால் என்று நாம்தான் தட்டில் வைக்க வேண்டும். எருமைப் பாலை விற்கும் வீட்டில், விற்பதற்கு முன் ஒரு குவளை பிள்ளைக்கு என்று எடுத்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மாடு வைத்திருப்பவர்கள் இன்று மாலையே நாடாவை எடுங்கள். கன்றை அளந்து எடையைக் கணக்கிட்டு, நாளோடு எழுதி வையுங்கள். கணக்கைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளங்கள். கூடியிருந்தால் மகிழுங்கள், கூடவில்லையென்றால் புல்லைக் கூட்டாதீர்கள், புரதத்தைக் கூட்டுங்கள்.